சேற்றை ஆராய்ந்த அறிஞர்

ஐரோப்பாவின் வடமேற்கே கடலோரத்தில் அமைந்த சிறு நாடு ஹாலந்து. நெதர்லாந்து என்பது அதன் முறையான பெயர்; தாழ்ந்த நிலம் என்பது அப்பெயரின் பொருள். நாட்டின் பல பகுதிகள் கடல் மட்டத்திற்கும் கீழே கிடக்கின்றன. கரை கட்டிக் கடலைத் தடுத்தும், கால்வாய் வெட்டி நீரை வடித்தும் அந்நாட்டு மக்கள் தங்கள் நிலத்தைக் காத்து வருகின்றனர். ஆதலின் ஊர்தோறும் கால்வாய், தெருத்தோறும் கால்வாய் என்னுமாறு அந்நாடு விளங்குகின்றது. டெல்ஃப்ட் என்னும் பழைய நகரமும் அத்தகையதே.

அக்கால்வாய்களை ஓவியங்களில் கண்டு மகிழ்வோர், 19-ஆம் நூற்றாண்டின் கோடைக்காலத்தில் அவற்றின் கரையில் நின்றிருப்பாராயின் மூக்கைப் பொத்திக்கொண்டு அகன்றிருப்பர். வீட்டுக் கழிவும் தொழிற்சாலைக் கழிவும் அவற்றிலேயே வந்து விழுந்தன. ஓட்டம் குறைந்த நீராகையால் அழுக்கெல்லாம் அடியில் படிந்து சேறாயிற்று. அச்சேறு மைபோல் கறுத்திருந்தது. வெயில் ஏற ஏற அதனுள்ளிருந்து குமிழிகள் எழும். அழுகிய முட்டையின் நாற்றம் எங்கும் பரவும். அக்காற்றுப் பட்டால் வெள்ளிப் பொருள்கள் கறுக்கும். ஈயவெள்ளை பூசிய மரமும் கருமை அடையும். நீரில் வாழும் மீன்கள் மடியும்.

நாற்றத்திற்குக் காரணம் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சு வாயு என்பதை இரசாயன நூலார் முன்பே அறிந்திருந்தனர். கந்தகமும் ஹைட்ரஜனும் சேர்ந்து ஆவது அது. அவ்வாயு சேற்றிலுள்ள இரும்போடு கூடிக் கருநிறமான இரும்புச் சல்பைடாகின்றது. சேறு கறுத்ததன் காரணம் இதுவே. கரையில் வாரிக் கொட்டிய கருஞ்சேறு காற்றுப் பட்டதும் மேற்புறம் வெளிறிப் பழுப்பாவதும் இதனாலேயாம். காற்றிலுள்ள பிராணவாயு அச்சல்பைடைச் சிதைத்துவிடுகின்றது.

இவ்வளவும் தெரிந்திருந்தும் ஒரு வினாவுக்கு மட்டும் விடை தெளிவுபடவில்லை. கால்வாய் நீரில் கந்தகம் பெரும்பாலும் சல்பேட் என்னும் உப்பாகக் கரைந்திருக்கின்றது. அவ்வுப்புக்கு நாற்றம் இல்லை. அவ்வளவில் தீங்கும் இல்லை. அதனை நஞ்சாக மாற்றுவது எது? அழுகும் பொருள்கள் தாமாகவே மாற்றுகின்றனவா? சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் அனைத்தும் கூடி மாற்றுகின்றனவா? அன்றி, இத்தொழில் ஒன்றினாலேயே உயிர் வாழும் தனி இனம் ஏதேனும் அங்கே மறைந்திருக்கின்றதா? இவ்வினாவுக்கு 1895-ஆம் ஆண்டில் விடை கண்டவர் மார்ட்டினஸ் வில்லெம் பையரிங்க் என்னும் அறிஞர்.

பையரிங்க் 1851-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 16-ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் நகரில் பிறந்தார். தந்தையார் சிறு அளவில் புகையிலை வாணிகம் செய்தவர். வாணிகம் நொடித்தது. மகனுக்கு இரண்டு வயது நிரம்பும்போதே குடும்பம் நார்டன் என்னும் சிற்றூருக்குப் பெயர்ந்தது. தந்தையார் இருப்புப்பாதைக் கம்பெனியில் எழுத்தராக அமர்ந்தார். வருவாய் சிறிது. ஆதலின் பிள்ளைக்குத் தொடக்கக் கல்வியைத் தந்தையாரே வீட்டில் கற்பித்தார். பின்னர்க் குடும்பம் ஹார்லெம் நகரில் குடியேறியபோதுதான் சிறுவர் பள்ளி சென்றார். அங்கே தாவரங்களின்மேல் அவருக்கு அடங்காத ஆர்வம் பிறந்தது. மணல்மேடுகளிலும் வாய்க்கால் ஓரங்களிலும் திரிந்து செடிகொடிகளைச் சேர்த்து, உலர்த்தி, பெயர் எழுதி வைப்பார். இத்தகைய தொகுப்புக்காகப் பதினைந்தாம் வயதில் ஒரு பரிசும் பெற்றார். ஒரு செடியை அடையாளம் காணுதல் எளிதன்று. இலை, மலர், காய், வேர், வளரும் இடம் ஆகிய அனைத்தையும் ஒப்பு நோக்கிய பின்னரே இன்ன இனம் என்று துணிய இயலும். அப்பழக்கம் இளமையிலேயே அவருக்குக் கைவந்தது.

தாவர நூலையே பயில விரும்பினாலும், குடும்ப நிலை அதற்கு இடந்தரவில்லை. சிற்றப்பா ஒருவர் பொருளுதவி செய்ய, 1869-இல் டெல்ஃப்ட் தொழிற்கல்லூரியில் இரசாயனம் பயிலச் சேர்ந்தார். அங்கே அவரோடு ஒரே விடுதியில் தங்கிப் பயின்ற நண்பர் வான்ட் ஹாஃப் ஆவார். இரசாயனத்துக்கு முதன்முதலாக 1901-இல் நோபெல் பரிசு வழங்கப்பட்டபோது அதைப் பெற்றவர் அவரே. கல்லூரி நேரம் போக எஞ்சிய பொழுதிலும் இருவரும் விடுதி அறையிலேயே சோதனைகள் செய்தனர் என்பர். வீட்டுக்காரர் பொறுமைசாலியாக இருந்திருக்க வேண்டும்.

கல்லூரியை விட்டபின் பையரிங்க் பிழைப்புக்காக ஆசிரியத் தொழிலை மேற்கொண்டார். அத்தொழில் அவருக்குப் பொருந்தவில்லை. மெதுவாகப் புரிந்துகொள்ளும் மாணாக்கரிடம் பொறுமை காட்ட அவரால் இயலவில்லை. ஆயினும் ஆராய்ச்சியை விடாமல், செடிகளில் பூச்சிகளால் உண்டாகும் முடிச்சுகளைப்பற்றி ஆய்ந்து 1877-இல் லைடன் பல்கலைக் கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். அதற்கு முந்திய ஆண்டிலேயே வாகனிங்கன் என்னும் ஊரின் வேளாண்மைப் பள்ளியில் ஆசிரியராகியிருந்தார். அங்கே உடன் பணியாற்றிய அடால்ஃப் மேயர், புகையிலைச் செடிகளைத் தாக்கும் ஒரு நோயை அவருக்குக் காட்டினார். நோயுற்ற இலையில் வெளிர்பச்சையும் கரும்பச்சையும் திட்டுத் திட்டாகத் தோன்றும். நோயை உண்டாக்கும் கிருமியைத் தேடினார் பையரிங்க், ஒன்றும் அகப்படவில்லை. நுண்ணுயிர்க் கலையை அவர் அப்போது கற்றிருக்கவில்லை. தந்தையின் வாழ்வைக் கெடுத்த புகையிலை மகனை எளிதில் விடுவதாக இல்லை.

1885-ஆம் ஆண்டில், முப்பத்து நான்காம் வயதில், அவருடைய வாழ்வு திசை திரும்பியது. டெல்ஃப்ட் நகரில் ஈஸ்டும் சாராயமும் செய்யும் பெரிய தொழிற்சாலை ஒன்று இருந்தது. அதன் தலைவர் வான் மார்க்கன், தொழிலாளர் நலத்திலும் அறிவியலிலும் நாட்டமுள்ளவர். அவர் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்துப் பையரிங்க்கை அதற்கு நுண்ணுயிர் ஆராய்ச்சியாளராக அழைத்தார். பையரிங்க்கோ அத்துறைக்குப் புதியவர். ஸ்ட்ராஸ்பர்க் நகரிலும் கோபன்ஹேகன் நகரிலும் இருந்த வல்லுநர்களைக் கண்டு முறைகளைக் கற்று வந்தார். வந்தபின்னும் மனம் அமைதி பெறவில்லை. தம் ஆராய்ச்சியால் தொழிற்சாலைக்கு ஒரு காசும் பயனில்லையே என்று வருந்தி, வேலையைவிட்டு விலகவும் முனைந்தார். தலைவர் அவரை விடவில்லை. அத்தலைவர் இலாபக் கணக்கு ஒன்றையே பார்த்திருந்தால் இவ்வரலாறு இத்துடன் முடிந்திருக்கும்.

1888-இல் பையரிங்க், அவரை போன்ற பயறு வகைச் செடிகளின் வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாவைத் தனியே பிரித்து வளர்த்தார். காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உணவாக்கித் தருவது இவ்வுயிரேயாகும். அடுத்துக் கடலில் ஒளிவிடும் பாக்டீரியாக்களையும், குட்டை நீரில் வாழும் பசுமையான ஓரணுப் பாசி ஒன்றையும் ஆராய்ந்தார். குளோரெல்லா என்று அப்பாசிக்கு அவர் இட்ட பெயரே நிலைத்துவிட்டது. இவ்வாறு கைதேர்ந்த பின்னர்த்தான் அவர் தம் ஊரின் கருஞ்சேற்றின்பக்கம் திரும்பினார்.

புதிய பாக்டீரியா ஒன்றைக் கண்டதாகச் சொல்ல என்ன வேண்டும்? உருப்பெருக்கியின் கீழ் ஒரு துளிச் சேற்றை வைத்தால் கோலும் கோளமும் திருகுமாக நூற்றுக்கணக்கான வடிவங்கள் நெளியும். அவற்றுள் எது என்ன செய்கின்றது என்பதைக் கண்ணால் பார்த்துக் கூற இயலாது. பூவும் காயும் உடைய செடியன்று அது. ஒரே தோற்றமுள்ள இரண்டு பாக்டீரியாக்கள் முற்றிலும் வேறான தொழில்களைச் செய்யக்கூடும். ஆகவே அவ்வுயிரைப் பிறவற்றினின்று பிரித்து, தனியாக வளர்த்து, அதன் உணவையும் தொழிலையும் சோதித்தறிய வேண்டும். ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் காக், இறைச்சிச் சாற்றைப் பசைபோல் இறுகச் செய்து அதன்மேல் கிருமிகளைத் தனித்தனியே வளர்க்கும் முறையை வகுத்திருந்தார். நோய்க் கிருமிகளுக்கு அது மிகவும் ஏற்ற முறை. ஆனால் சேற்றை அதில் தடவினால், இறைச்சிச் சாறு பிடித்த உயிர்கள் மளமளவென்று பெருகிப் பரவிவிடும். தேடிவந்த உயிர் தலைகாட்டுவதே இல்லை.

பையரிங்க் தாவர நூலார் அல்லவா? ஒவ்வொரு செடியும் தனக்கு ஏற்ற இடத்திலேயே வளர்வதை அவர் இளமையிலேயே கண்டவர். உயிரைத் தேடிச் செல்வதற்கு மாறாக, அவ்வுயிர் விரும்பும் இடத்தைக் குடுவைக்குள் உண்டாக்கிவிட்டால் அது தானே வந்து பெருகும் என்று அவர் கருதினார். சல்பேட்டைச் சல்பைடாக்கும் உயிர் ஒன்று இருக்குமாயின், அதற்கு என்ன வேண்டும்? சல்பேட் வேண்டும், சிறிது உணவு வேண்டும், கருஞ்சேற்றின் ஆழத்தில் காற்று இல்லாமையால், காற்றும் இருத்தலாகாது. எனவே குடுவையில் சல்பேட்டும், தாவரங்களில் காணப்படும் அமிலம் ஒன்றின் உப்பும், பிற உப்புகளும் கரைந்த நீரை ஊற்றி, கால்வாய்ச் சேற்றில் சிறிது இட்டு, விளிம்புவரை நிரப்பி, காற்றுக் குமிழி ஒன்றும் தங்காதவாறு அடைத்து, இளஞ்சூட்டில் வைத்தார். அந்நீரில் இரும்பு உப்பையும் சேர்த்திருந்தார். அதுவே அச்சோதனையின் நுட்பம். ஹைட்ரஜன் சல்பைடு தோன்றினால் இரும்போடு கூடிக் கருமையைக் காட்டிவிடும் அன்றோ?

சில நாள்களில் குடுவை கறுத்தது. அதிலிருந்து ஒரு துளியை எடுத்துப் புதிய குடுவையில் இட்டார், அதுவும் கறுத்தது. அதிலிருந்து அடுத்ததற்கு, அடுத்ததிலிருந்து மற்றொன்றுக்கு என்று மாற்றிக்கொண்டே சென்றார். மாற்றுந்தோறும் வேறு உயிர்கள் குறைந்தன. இவ்வுணவில் வாழ வல்லது மட்டும் பெருகியது. இறுதியில் இரும்பு உப்புக் கலந்த இறுகிய பசையினுள் அதனை வளர்த்தபோது, ஒவ்வொரு கூட்டமும் கரும்புள்ளியாகத் தன் இருப்பிடத்தைக் காட்டியது. உருப்பெருக்கியில் அவ்வுயிர் சற்றே வளைந்த சிறு கோலாகத் தோன்றியது. நீளம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கே. நீரில் விரைந்து நீந்தியது. காற்றுப் பட்டால் வளர்ச்சி நின்றது.

நாம் மூச்சுவிடும்போது உணவை எரித்து ஆற்றல் பெறப் பிராணவாயு வேண்டியிருக்கின்றது. காற்றே புகாத சேற்றில் வாழும் இவ்வுயிர், சல்பேட் உப்பில் கட்டுண்டு கிடக்கும் பிராணவாயுவைக் கொண்டு அவ்வேலையை முடித்துக்கொள்கின்றது. எஞ்சிய கந்தகம் ஹைட்ரஜனோடு கூடி வெளியேறுகின்றது. ஊரார் வெறுத்த நாற்றம் இவ்வுயிரின் வெளிமூச்சே என்று சுருங்கச் சொல்லலாம். புரதம் அழுகும்போதும் அவ்வாயு சிறிது உண்டாவது உண்மைதான். எனினும் கால்வாய் முழுவதையும் கறுக்கச் செய்யும் அளவுக்கு அது போதாது.

பையரிங்க் தாம் கண்ட உயிருக்கு ஸ்பிரில்லம் டீசல்ஃபூரிகன்ஸ் என்று பெயரிட்டு, வடிவம், அசைவு, உணவு, காற்றுக்கு அஞ்சும் தன்மை, தொழில் ஆகியவற்றை விளக்கி 1895-இல் வெளியிட்டார். சல்பேட்டை ஒடுக்கும் பாக்டீரியாக்களுள் முதன்முதல் தனியே பிரித்து அறியப்பட்டது இதுவே. அதனை வளர்ப்பது எளிதாக இருக்கவில்லை. அவருடைய மாணவர் வான் டெல்டன், பால் புளிக்கும்போது உண்டாகும் லாக்டிக் அமிலத்தின் உப்பை உணவாகக் கொடுத்தால் நன்கு வளர்வதைக் கண்டு, கடல் நீரில் வாழும் இனத்தையும் 1903-இல் விவரித்தார். அடுத்த ஆண்டு பையரிங்க் இதற்கு நேர்மாறான தொழிலுடைய பாக்டீரியாக்களை அறிவித்தார். தயோபாசில்லஸ் என்று பெயர்பெற்ற அவை கந்தகச் சேர்மங்களை மீண்டும் சல்பேட்டாக்குகின்றன. இயற்கையில் கந்தகம் ஓயாது சுழன்று வருகின்றது என்னும் உண்மையை விளக்கியவர்களுள் ருஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கிக்கு அடுத்தபடி பையரிங்க்கைச் சொல்ல வேண்டும்.

1895-ஆம் ஆண்டிலேயே டெல்ஃப்ட் தொழிற்கல்லூரி அவரைப் பேராசிரியராக அமர்த்தியது. இப்போது பழைய கடன் ஒன்று நினைவுக்கு வந்தது. புகையிலை நோயை மீண்டும் எடுத்துக்கொண்டார். நோயுற்ற இலையின் சாற்றைப் பாக்டீரியா எதுவும் நுழைய இயலாத பீங்கான் வடிகட்டியில் வடித்தார். வடிந்த தெளிந்த சாறும் நோயைப் பரப்பியது. அது வெறும் நஞ்சாயின் செடிக்குச் செடி மாற்றும்போது நீர்த்து வலிமை இழக்கும். இதுவோ இழக்கவில்லை, வளரும் செடியின் உடலுக்குள் பெருகியது. ஆகவே பாக்டீரியா அல்லாத, உயிருள்ள திரவமான நோய்ப்பொருள் ஒன்று உண்டு என்று 1898-இல் அறிவித்தார். அதனை வைரஸ் என்று குறித்தார். திரவம் என்று கொண்டது பிழை. வைரஸ் நுண்துகள் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. பாக்டீரியாவினின்று வேறானதொரு பொருள் உண்டு என்று துணிந்ததுதான் பெரிது. ருஷ்யாவில் இவானோவ்ஸ்கி என்பார் வடிகட்டும் சோதனையை 1892-இலேயே செய்திருந்தார். அது பையரிங்க்குக்குத் தெரியாது. தெரிய வந்ததும், முதலில் செய்தவர் அவரே என்று எழுத்தில் ஒப்புக்கொண்டார்.

பிற அறிஞரிடம் இவ்வளவு நேர்மை காட்டியவர், தம்மிடம் பயின்றவரிடம் கனிவு காட்டவில்லை. சிறு தவறுக்கும் கடுஞ்சொல் வரும். ஆராய்ச்சிக்கும் இல்லறத்துக்கும் ஒவ்வாது என்று கருதியவர் அவர். தாம் மணம் செய்துகொள்ளவில்லை. உதவியாளர் மணம் செய்துகொள்வதையும் விரும்பவில்லை. மனச்சோர்வு அடிக்கடி அவரைப் பற்றியது. அவர்கீழ்ப் பணியாற்றி நிலைத்தவர் சிலர். அஞ்சி விலகியவரும் உண்டு. கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் என்ன விரும்பும் என்பதை அவ்வளவு நுட்பமாக உணர்ந்தவருக்கு, அருகில் நின்ற இளைஞர் என்ன விரும்புவர் என்பது புலப்படவில்லை. எனினும், அக்கடுமையைத் தாங்கி நின்ற மாணவருள் சோங்கன் போன்றோர் அறிவியலில் பெயர் பெற்றனர். சதுப்பு நிலத்தில் எழும் மீத்தேன் வாயுவையே உணவாகக் கொள்ளும் பாக்டீரியாவை 1906-இல் விவரித்தவர் அவர்.

1905-ஆம் ஆண்டில் நெதர்லாந்து அறிவியல் கழகம் பையரிங்க்குக்கு லேவன்ஹூக் பதக்கம் அளித்தது. பத்தாண்டுக்கு ஒருமுறை வழங்கப்பட்டுவந்த அப்பதக்கத்தை அவருக்கு முன் பெற்றவர் லூயி பாஸ்டர். லேவன்ஹூக்கும் டெல்ஃப்ட் நகரத்தவரே. 17-ஆம் நூற்றாண்டில் தாமே தேய்த்த கண்ணாடி வில்லையால் பாக்டீரியாக்களை முதன்முதல் கண்டவர் அவர்.

எழுபது வயது நிரம்பியமையால் பையரிங்க் 1921-இல் ஓய்வு பெற்றார். கோர்செல் என்னும் சிற்றூரில் தம் இரு சகோதரிகளோடு குடியேறி, இளமையில் விரும்பிய செடிகொடிகளிடமே திரும்பினார். தண்டில் இலைகள் அமையும் ஒழுங்கை அங்கே ஆராய்ந்தார். 1931-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள், எழுபத்தொன்பதாம் வயதில் காலமானார்.

அவருக்குப்பின் டெல்ஃப்டில் பேராசிரியரான க்ளூய்வரும் அவர் மாணவர் வான் நீலும் 1936-இல் பாக்டீரியாக்களைப் புதிய முறையில் வகைப்படுத்தியபோது, ஸ்பிரில்லம் என்னும் முற்பெயரை மாற்றி டீசல்ஃபோவிப்ரியோ என்று அமைத்தனர். டீசல்ஃபூரிகன்ஸ் என்னும் இனப்பெயரை மாற்றவில்லை. அறிவியல் மரபுப்படி அப்பெயருக்குப் பக்கத்தில் பையரிங்க் என்னும் பெயரும் 1895 என்னும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் எழுதப்படுகின்றன.

அதற்கு இரண்டு ஆண்டுகட்கு முன்பே ஹாலந்து நாட்டார் வேறொரு காரணத்துக்காக இவ்வுயிரை நினைக்க நேர்ந்தது. மண்ணுக்கடியில் காற்றுப் புகாத களியில் புதைத்த இரும்புக் குழாய்கள் அரித்துப்போயின. காற்றும் இல்லாமல் இரும்பு துருப்பிடிப்பது எவ்வாறு என்று பொறியியலார் திகைத்தனர். சல்பேட்டை ஒடுக்கும் பாக்டீரியாக்களே காரணம் என்று வான் வோல்சோகன் கூர், வான் டெர் வ்லூக்ட் என்னும் இருவர் 1934-இல் விளக்கினர். பின்னர் எண்ணெய்க் கிணறுகளிலும் இவற்றின் அழிவேலை தெரிய வந்தது.

அந்நாட்டின் தென்பகுதியில் பூடெல் என்னும் ஊரில் ஒரு துத்தநாக ஆலை உண்டு. நெடுங்கால உருக்குதலால் அங்கே நிலத்தடி நீரில் துத்தநாகமும் சல்பேட்டும் கலந்திருந்தன. 1992-இல் அந்நீரை மேலேற்றி, பெருந்தொட்டிகளில் சல்பேட்டை ஒடுக்கும் பாக்டீரியாக்களை வளர்த்து, அவற்றிடையே செலுத்தினர். அவை வெளியிட்ட சல்பைடோடு துத்தநாகம் கூடி, கரையாத வண்டலாகக் கீழே படிந்தது. வண்டலை வாரியெடுத்து, அதிலுள்ள துத்தநாகத்தை மீண்டும் பிரித்தெடுக்க ஆலைக்கே அனுப்பினர்.